சவாரி தெரியும், போலோ ஆடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதிகளில் சவாரிப் பள்ளிக்குப் போய்வந்து, ட்ராட்டும் (துள்ளுநடை) கேண்டரும் (மிதமான ஓட்டம்) கைவந்த பிறகு பலருக்கும் ஒரு தேக்கம் வருகிறது. அதே வளாகம், அதே வட்டம். சிலர் தடை தாண்டுதலுக்குப் போகிறார்கள், சிலர் குதிரையைச் சைகைக்கேற்ப நுணுக்கமாக நடத்தும் ட்ரெஸாஜுக்கு. குதிரை மேலிருந்து மட்டையால் பந்தடித்து ஆடும் போலோ என்று சொன்னால் மட்டும் "அது மகாராஜாக்களின் ஆட்டமாயிற்றே" என்று பின்வாங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தோடு வருபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. இந்தியச் சூழலை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஆட்டத்தின் அடிப்படை விதிகள் எல்லா நாடுகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

எந்த அளவுக்குச் சவாரி தெரிந்திருக்க வேண்டும்?

குதிரையில் ஏறியே இராதவர்களையும் சேர்த்துக்கொள்ளும் பயிற்சி மையங்கள் உண்டு. ஆனாலும் கேண்டரில் நிதானம் வராமல் மட்டையைக் கையில் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கடிவாள வாரை இடது கையில் மட்டும் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் கேண்டரில் வட்டம் போடுங்கள். நினைத்த இடத்தில் குதிரையை நிறுத்துங்கள். நிறுத்தும்போது வாரைப் பிடித்துத் தொங்காமல் இருந்தால் நீங்கள் தயார். தொங்கினால் இன்னும் சில மாதங்கள் சவாரியிலேயே இருங்கள், அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

பழகிய சவாரியில் எதை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்?

பெரும்பாலானோர் பந்தடிப்பதுதான் கடினம் என்று நினைத்து வருகிறார்கள். உண்மையில் முதலில் தடுமாறுவது இடது கைதான்.

போலோவில் பெரும்பாலும் நான்கு வார்கள். நான்கையும் இடது கை ஒன்றே தாங்க வேண்டும், வலது கை மட்டைக்கு உரியது. இரண்டு கையாலும் வாய்க்கு நேராகச் சைகை கொடுத்துப் பழகியவர்கள் ஒரு கைக்கு மாறியதும், திரும்ப வேண்டிய பக்கம் கையை இழுத்துக் குதிரையின் தலையை வளைக்கப் பார்ப்பார்கள். போலோ குதிரை அப்படிப் பழக்கப்பட்டதன்று. கழுத்தின் ஒரு பக்கம் வார் உரசினால் அது மறுபக்கம் திரும்பும். கூடவே உங்கள் இடுப்பும் தோளும் எந்தப் பக்கம் போகின்றன என்பதையும் கவனிக்கும். சவாரிப் பள்ளிக் குதிரைகள் பல ஆண்டுகளாகப் பலரைச் சுமந்து மரத்துப்போனவை, குதிகாலால் பத்துத் தடவை சொன்னால் ஒரு தடவை கேட்கும். நல்ல போலோ குதிரையோ நீங்கள் மூச்சை இழுத்துப் பிடித்தாலே என்னவோ சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளும். முதல் நாள் பலர் பயந்துபோவது அதன் வேகத்தைப் பார்த்து அன்று, அது சொன்னதையெல்லாம் செய்துவிடுவதைப் பார்த்து.

இரண்டாவது, உட்காரும் விதம். பந்தை அடிக்கும் கணத்தில் சேணத்தில் அழுந்தி உட்கார்ந்திருக்கக் கூடாது. தொடையும் முழங்காலும் பிடித்துக்கொள்ள, பிட்டம் சேணத்தை விட்டு எழும்ப, தோள்கள் பந்தின் பக்கம் முழுதாகத் திரும்ப வேண்டும். தடை தாண்டிப் பழகியவர்களுக்கு இதில் பாதி வேலை முடிந்துவிட்டது. ட்ரெஸாஜிலிருந்து வருபவர்களுக்குக் கொஞ்சம் வலிக்கும்.

மூன்றாவது, பார்வை. சவாரி செய்பவரின் கண் குதிரையின் காதுகளுக்கு நடுவே ஊன்றியிருக்கும். போலோவில் குதிரையை மறந்துவிட வேண்டும். மறக்கிற அளவுக்குச் சவாரி உடம்பில் ஊறியிருந்தால்தான் அது முடியும், முதல் கேள்விக்கு அவ்வளவு கறாராகப் பதில் சொன்னதும் இதனால்தான்.

பந்தடிக்க எப்படிப் பழகுவது?

மரக்குதிரையில். ஏறக்குறைய எல்லாப் போலோ மையங்களிலும் வலைக்கூண்டுக்குள் ஒரு மரக்குதிரை நிற்கும். தரை நான்கு பக்கமும் சரிவாக இருப்பதால் அடித்த பந்து தானாகவே உருண்டு திரும்பி வரும். உயிருள்ள குதிரையின் முதுகையும் வாயையும் கால்களையும் உங்கள் கற்றுக்குட்டித்தனத்திலிருந்து காப்பாற்றுவது இந்த மரக்குதிரைதான். அதில் ஏறி உட்கார வெட்கப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உலகத் தரத்து ஆட்டக்காரர்களும் அதில்தான் கை பழகுகிறார்கள்.

அடிகள் அடிப்படையில் நான்கு: வலப்பக்கம் முன்னோக்கி, வலப்பக்கம் பின்னோக்கி, இடப்பக்கம் முன்னோக்கி, இடப்பக்கம் பின்னோக்கி. நான்குக்கும் வலது கையே. கிரிக்கெட் ஆடியவர்கள் தோள் பலத்தால் விளாசப் பார்ப்பார்கள், அது வேண்டாம். மட்டையின் தலைக்கு எடை இருக்கிறது. கையை நீட்டி அதைக் கிணற்று ராட்டினத்தில் விடும் வாளிபோல் இறங்கவிட்டால், எடையே பந்தை அனுப்பிவிடும். மட்டையின் முனையால் அடிப்பதில்லை, அதன் நீளவாட்டுப் பக்கத்தால் அடிக்க வேண்டும்.

குதிரை மேல் முதலில் நடையில், பிறகு ட்ராட்டில், அதற்குப் பின்தான் கேண்டரில். நடையில் சலிப்பாக இருக்கும். சலிப்புத் தாங்காமல் கேண்டருக்குத் தாவியவர்களின் மட்டை குதிரையின் முழங்காலில் படும் ஓசையைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

விதிகள் குழப்பமாக இருக்கின்றன. ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் எது?

பந்தின் கோடு. இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள், மற்றதெல்லாம் ஆட்டத்தில் தானாக வந்து சேரும்.

பந்து அடிக்கப்பட்டதும் அது ஓடும் பாதையை முன்னும் பின்னும் நீட்டினால் ஒரு கற்பனைக் கோடு கிடைக்கும். அந்தக் கோட்டின் மேல், பந்து தன் வலப்பக்கம் இருக்கும்படி அதைத் தொடர்ந்து வருபவருக்குத்தான் பாதையில் முன்னுரிமை. அவருக்கு முன்னே ஆபத்தான தொலைவில் யாரும் குறுக்கே போகக் கூடாது. எதிரெதிரே இருவர் அதே கோட்டில் வந்தால், இருவரும் பந்தைத் தத்தம் வலப்பக்கம் வைத்துக்கொண்டு கடக்க வேண்டும். இடது கையால் ஆடத் தடை இருப்பதும் இதனால்தான். ஒருவர் இடது கைக்காரராக இருந்தால் இரண்டு குதிரைகளும் நேருக்கு நேர் வந்துவிடும்.

அடுத்தவர் அடித்துப் பந்து வேறு திசையில் போனால் கோடு மாறிவிடும், உரிமையும் கை மாறிவிடும். ஏழு நிமிடச் சுற்று ஒன்றில் இது எத்தனை முறை நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு ஒன்றேதான். பந்து கண்ணில் பட்டதும் மிகக் குறுகிய வழியில் நேராக அதை நோக்கிப் பாய்வார்கள். அந்தக் குறுகிய வழி பெரும்பாலும் யாரோ ஒருவரின் கோட்டை வெட்டிப் போகும். மோதவில்லையே என்று வாதாடிப் பயனில்லை. உரிமை உள்ளவர் உங்களால் குதிரையை இழுத்துப் பிடிக்க நேர்ந்திருந்தாலே அது தவறு, நடுவர் விசில் ஊதுவார். எதிரணிக்கு 30, 40 அல்லது 60 யார்டிலிருந்து தண்ட அடியோ, தவறு நடந்த இடத்திலிருந்தே அடியோ கிடைக்கும். சரியான வழி, சற்றுச் சுற்றி வளைத்துச் சென்று கோட்டுக்கு இணையாகச் சேர்ந்துகொள்வது. தூரம் கூடுதலாகத் தெரிந்தாலும் பந்தை அடையப்போவது அப்படிப் போகிறவர்தான்.

ஒரு யோசனை சொல்கிறேன். ஆடத் தொடங்கும் முன் சில ஆட்டங்களை ஓரத்தில் நின்று பாருங்கள். பந்தைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பாருங்கள். விசில் ஊதப்பட்டதும், ஏன் என்று நடுவர் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

குதிரையைக் கொண்டு மோதுவது உண்மையிலேயே அனுமதிக்கப்பட்டதா?

ஆம், ஆனால் பக்கவாட்டில் மட்டும். இரண்டு குதிரைகளும் ஒரே வேகத்தில், ஏறத்தாழ இணையாக ஓடும்போது தோளோடு தோள் உரசி எதிராளியைக் கோட்டிலிருந்து தள்ளிவிடலாம். செங்குத்தாக வந்து இடிப்பதும், முழங்கையால் குத்துவதும், வேக வித்தியாசத்தோடு பின்புறம் மோதுவதும் குற்றம். எதிராளி பந்தை அடிக்கப் போகும் கணத்தில் உங்கள் மட்டையால் அவர் மட்டையைத் தடுக்கலாம். அதற்கு நீங்கள் பந்து இருக்கும் பக்கத்திலோ அவருக்கு நேர் பின்னாலோ இருக்க வேண்டும், குதிரையின் கால்களுக்கு ஊடேயோ உடலுக்கு மேலாகவோ மட்டையை நீட்டக் கூடாது. தள்ளுவதைக் குதிரைகள் பல சமயம் நம்மைவிட ரசித்துச் செய்கின்றன.

சக்கர், கோல், ஹேண்டிகேப்: இந்தக் கணக்கெல்லாம் என்ன?

ஓர் அணிக்கு நால்வர். மைதானம் 300 யார்டு நீளம், ஓரப் பலகை வைத்திருந்தால் 160 யார்டு அகலம். ஏறத்தாழ 10 ஏக்கர். கோல் கம்பங்களுக்கு இடையே 8 யார்டு, பந்து எவ்வளவு உயரத்தில் போனாலும் கோல்தான். ஒவ்வொரு கோலுக்கும் பிறகு அணிகள் பக்கம் மாறிக்கொள்வதால் முதல்முறை பார்ப்பவர்கள் குழம்பிப்போவார்கள். ஆட்டம் ஏழு நிமிடச் சக்கர்களாகப் பிரிக்கப்படும். நம் நாட்டில் நான்கு முதல் ஆறு சக்கர் வழக்கம், அர்ஜென்டினாவின் பெரிய போட்டிகளில் எட்டும் உண்டு.

ஹேண்டிகேப் என்பது ஆட்டக்காரரின் தரத்தைக் குறிக்கும் எண். புதியவருக்கு -2, உச்சம் 10. அதைக் கோலில் சொல்வார்கள் என்றாலும் அவர் அடித்த கோல்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நால்வரின் எண்களையும் கூட்டினால் அணியின் எண். அணிகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தைச் சக்கர்களின் எண்ணிக்கையால் பெருக்கி ஆறால் வகுத்து, அத்தனை கோல்களைப் பலம் குறைந்த அணிக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். 4 கோல் அணியும் 1 கோல் அணியும் நான்கு சக்கர் ஆடினால், சின்ன அணி 2–0 என்ற முன்னிலையோடு தொடங்கும். கற்றுக்குட்டியும் தேர்ந்தவரும் ஒரே மைதானத்தில் மானம் போகாமல் ஆட முடிவது இதனால்தான். பொழுதுபோக்காக ஆடுபவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் 0, 1 என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார்கள், அதில் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

சொந்தக் குதிரை வேண்டுமா? செலவு எவ்வளவு ஆகும்?

தொடக்கத்தில் வேண்டாம். வேண்டவே வேண்டாம் என்று அழுத்தியே சொல்வேன். பயிற்சி மையத்தின் குதிரையில் பாடம், பிறகு சக்கருக்கு இவ்வளவு என்று வாடகைக் குதிரை. முதல் ஓரிரு பருவங்களுக்கு இதுவே போதும்.

தொகை ஊருக்கு ஊர் மாறுகிறது. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சவாரிப் பாடத்துக்கு ஒரு குதிரை போதும். போலோவில் ஒரு குதிரை ஒரு சக்கர் ஓடினால் அடுத்த சக்கருக்கு ஓய்வு கொடுத்தாக வேண்டும், ஒரு நாளில் வழக்கமாக இரண்டு சக்கருக்கு மேல் ஆடாது. ஆக, நான்கு சக்கர் ஆட ஆளுக்குக் குறைந்தது இரண்டு குதிரைகள். ஒன்று நொண்டினால்? மூன்றாவது. சொந்தமாக வாங்கினால் அத்தனைக்கும் தீவனம், லாயம், குதிரைக்காரர் சம்பளம், லாடம், மருத்துவர், போட்டி நடக்கும் ஊருக்கு லாரி எல்லாம் சேரும். குதிரையின் விலை இந்தச் செலவின் சிறிய பகுதிதான். பருவம் முடிந்த பிறகும் அது தின்றுகொண்டுதான் இருக்கும்.

செலவைக் குறைக்க ஒரு நல்ல வழி, வாரத்தில் ஒரு நாள் பயிற்சிச் சக்கர் மட்டும் ஆடுவது. இன்னொன்று அரீனா போலோ. சுவர் சூழ்ந்த சிறிய களத்தில், அணிக்கு மூவர், பெரிய மென்மையான பந்து. களம் சிறியதாக இருப்பதால் வேகம் குறைவு, பந்தைத் தொடும் வாய்ப்பு அதிகம். அருகில் அப்படி ஒரு வசதி இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு குதிரை இருக்கிறது. அதையே பழக்கலாமா?

முயன்று பார்க்கலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அருகே மட்டை சுழல்வதையும், இன்னொரு குதிரை வந்து இடிப்பதையும், முழு ஓட்டத்தில் நின்று திரும்புவதையும் அது ஏற்க வேண்டும். மட்டையைக் கையில் பிடித்தபடி வெறுமனே நடக்கவைப்பதில் தொடங்குங்கள். நிதானமாகப் பழக்கினால் ஓராண்டுக்கு மேல் ஆகும். நீங்களும் புதியவர், குதிரையும் புதிது என்றால் அது ஆபத்தான கூட்டு. நீங்கள் பழகிய குதிரையில் கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் குதிரையைத் தேர்ந்தவர் ஒருவர் பழக்கட்டும்.

போனி என்று அழைத்தாலும் இன்றைய போலோ குதிரை முழு வளர்ச்சி பெற்ற குதிரைதான், பெரும்பாலும் 15 கை (ஒரு கை நான்கு அங்குலம்) உயரத்தை ஒட்டி இருக்கும். பந்தயக் குதிரை இனமான தரோபிரட்டின் ரத்தம் மிகுந்தது, பெண் குதிரைகளுக்கே மவுசு. பந்தய மைதானத்திலிருந்து ஓய்வு பெற்றவை பல இங்கே இரண்டாம் வாழ்வு பெறுகின்றன. ஆட்டத்தில் குதிரையின் பங்கு எவ்வளவு என்பதற்கு ஓர் உதாரணம்: அர்ஜென்டினாவின் போலோ வீரர் அடோல்ஃபோ காம்பியாசோ தன் குவார்தெத்தேரா என்ற குதிரையைக் குளோனிங் முறையில் நகலெடுக்கச் செய்து, 2016 அர்ஜென்டின ஓபன் இறுதியாட்டத்தில் அதன் ஆறு நகல்கள் மீது ஏறி ஆடி வென்றார்.

என்னென்ன வாங்க வேண்டும்?

முதலில் தலைக்கவசம், முகக் காப்போடு. அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். முகக் காப்பு இல்லாமல் ஆடுபவர்களைப் பார்ப்பீர்கள், பின்பற்றாதீர்கள். பந்து கெட்டியான பிளாஸ்டிக், நன்றாக அடிபட்டால் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். அடுத்து முழங்கால் காப்பு, முழங்கால்வரை வரும் பழுப்பு நிறப் பூட்ஸ், கையுறை. வெள்ளைக் கால்சட்டை போட்டிக்குத்தான் தேவை.

மட்டையின் தண்டு பிரம்பு. குதிரையின் உயரத்துக்கேற்ப நீளம் மாறும், 51 முதல் 53 அங்குலம்வரை அதிகம் புழங்குவது. ஒன்றை வாங்குமுன் மையத்தின் மட்டைகளில் மூன்று நான்கை மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். புதியவர்கள் வழக்கமாகத் தேவைக்கு மேல் கனமானதையே எடுக்கிறார்கள்.

எவ்வளவு ஆபத்தானது?

ஆபத்து இல்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எட்டுக் குதிரைகள் ஒரே பந்தைத் துரத்துகின்றன. விழுவீர்கள். முகத்தில் பந்தும், கையில் மட்டையும் படலாம். பெரிய விபத்துகள் பெரும்பாலும் கோட்டை வெட்டுவதால் வருபவை என்பதால்தான் அதற்கு அவ்வளவு இடம் ஒதுக்கினேன். தலையில் அடிபட்டால் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது, மருத்துவர் சொல்லும்வரை திரும்ப ஏறக் கூடாது.

தோள் வலியோடு ஆடலாமா என்று கேட்பவர்களிடம், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சர்ச்சிலின் கதையைச் சொல்வார்கள். 1896இல் பம்பாயில் படகிலிருந்து இறங்கும்போது அவருக்கு வலது தோள் பிசகியது. பெங்களூரில் இருந்த அவருடைய ரெஜிமென்ட்டுக்காக (படைப்பிரிவு) மேல்கையை உடம்போடு கட்டிக்கொண்டு ஆடி, 1899இல் மீரட்டில் ரெஜிமென்ட்டுகளுக்கிடையேயான கோப்பையை வென்ற அணியில் இருந்தார். படிக்க நன்றாக இருக்கிறது, நீங்கள் செய்யாதீர்கள்.

பெண்கள் ஆடலாமா? வயது வரம்பு உண்டா?

இரண்டுக்கும் தடை இல்லை. பெண்களும் ஆண்களும் ஒரே அணியில் ஆடும் அபூர்வமான விளையாட்டுகளில் இது ஒன்று. எப்போதும் அப்படி இருக்கவில்லை. கலிபோர்னியாவின் சூ சாலி ஹேல் பல ஆண்டுகள் ஒட்டு மீசை வைத்து ஆண் வேடத்தில் ஆடினார். அமெரிக்கப் போலோ சங்கம் 1972இல்தான் அவரை உறுப்பினராக்கியது. வயதைப் பொறுத்தவரை, நாற்பதில் தொடங்குபவர்கள் சாதாரணமாகக் காணக் கிடைக்கிறார்கள். எடை பற்றி மையத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அது குதிரையின் முதுகு சம்பந்தப்பட்ட விஷயம்.

குதிரைக்கு இது கொடுமை இல்லையா?

ஆடுபவரைப் பொறுத்தது. சவுக்கையும் குதிமுள்ளையும் தவறாகப் பயன்படுத்தினால் நடுவர் தண்டிக்கலாம். களைத்த, நொண்டும், ரத்தம் தெரியும் குதிரையை வெளியேற்றியாக வேண்டும். காலில் கட்டுத்துணி சுற்றுவது மட்டை படாமல் காக்க, வாலை முடிந்து பிடரியை மழிப்பது மட்டையும் வாரும் சிக்காமலிருக்க.

விதிக்கு அப்பாற்பட்டது உங்கள் இடது கை. நிலை தடுமாறும்போதெல்லாம் வாரைப் பிடித்துத் தொங்குபவர்தான் குதிரையை அதிகம் துன்புறுத்துகிறார், நடுவர் அதற்கு விசில் ஊத மாட்டார். ஒரு மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மைதானத்தைப் பார்க்காமல் லாயத்தின் பின்புறம் போய்ப் பாருங்கள். சக்கர் முடிந்த குதிரைகளை மூச்சு அடங்கும்வரை நடத்துகிறார்களா, கட்டுத்துணியை அவிழ்த்துக் கால் நரம்பைத் தடவிப் பார்க்கிறார்களா, உடம்பைக் கழுவி நிழலில் நிறுத்துகிறார்களா என்று கவனியுங்கள்.

இந்தியாவில் எங்கே தொடங்குவது?

ஆட்டத்தின் இன்றைய வடிவம் பிறந்ததே இங்கேதான். மணிப்பூரில் சகோல் காங்ஜை என்ற பெயரில், அணிக்கு எழுவராக, கோல் கம்பமே இல்லாமல் ஆடியதைப் பார்த்த ஆங்கிலேயத் தேயிலைத் தோட்டக்காரர்களும் படை அதிகாரிகளும் 1859இல் அசாமின் சில்சாரில் முதல் கிளப்பைத் தொடங்கினார்கள். இம்பாலில் இன்றும் உள்ளூர் மட்டக்குதிரைகள் மேல் ஆடுகிறார்கள். பெண்கள் அணிகளும் உண்டு. வாய்ப்புக் கிடைத்தால் ஆடுவதற்கு இல்லாவிட்டாலும் பார்ப்பதற்காகவாவது போக வேண்டிய இடம்.

இன்றைய முக்கிய மையங்கள் ஜெய்ப்பூர், டெல்லி, கொல்கத்தா, மும்பை. ஜெய்ப்பூரும் டெல்லியும் குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களில் சுறுசுறுப்பாக இருக்கும். ராணுவத்துக்கு இந்த ஆட்டத்தில் பெரும் பங்கு உண்டு. பல ஊர்களில் ராணுவம் நடத்தும் சவாரி மையங்கள் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கின்றன, தனியார் கிளப்புகளைவிட அங்கே கட்டணம் கையைக் கடிக்காது என்பதால் முதலில் அங்கே விசாரியுங்கள். சென்னையில் மெட்ராஸ் போலோ அண்டு ரைடர்ஸ் கிளப் இருக்கிறது.

ஒரு வாரம் விடுப்புப் போட்டுவிட்டு, நாளுக்கு இரண்டு வேளை என்று ஒரே இடத்தில் தங்கிக் கற்பது, மாதத்துக்கு ஒரு நாளாக ஆறு மாதம் கற்பதைவிடப் பலன் தரும். இடது கை மறப்பதற்குள் அடுத்த பாடம் வந்துவிடும்.

முதல் நாள் போகும்போது என்ன கேட்க வேண்டும்?

மரக்குதிரை இருக்கிறதா? புதியவர்களுக்கென்று தனியாக மெதுவான சக்கர் நடத்துகிறார்களா, அல்லது வேகமாக ஆடுபவர்களோடு சேர்த்து இறக்கிவிடுவார்களா? உங்களுக்குத் தரப்போகும் குதிரையின் வயதென்ன? பதினைந்து வயதுக் கிழட்டுக் குதிரையைக் கொடுத்தால் முகம் சுளிக்காதீர்கள். எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பது அதற்குத் தெரியும். பயிற்சியாளர் சொல்லி முடிப்பதற்குள் அது செய்து முடித்திருக்கும்.